காவலுக்கு ஒரு காவல்

நுழையும்முன்

வீட்டையும் வயலையும் காக்கும் நாயைக் காப்பவர் யார்? ஒரு நாய்க்குட்டிக்குப் போடப்படும் தடுப்பூசிக்குப் பின்னால் அறிவியலும் வரலாறும் ஓர் ஊரின் பொறுப்பும் உள்ளன. வெறிநாய்க்கடி நோய் தடுக்கக்கூடியது. ஆயினும் அது இன்றும் உயிர்களைப் பறித்துக்கொண்டிருக்கிறது. இதற்குக் காரணம் மருந்தின்மையா, பணமின்மையா, வேறொன்றா? தஞ்சை மாவட்டத்து நெல்வயல் ஊர்களை முன்வைத்து இவ்வினாவை ஆராய்கிறது இவ்வுரைநடைப் பகுதி.

கல்லில் நின்ற காவல்

திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் வட்டாரத்தில் எடுத்தனூர் என்னும் ஊர் உள்ளது. அங்குக் கிடைத்த நடுகல் ஒன்று 7ஆம் நூற்றாண்டில், முதலாம் மகேந்திரவர்மன் காலத்தில் எடுக்கப்பட்டது. ஆநிரையைக் காக்கும் போரில் இறந்துபட்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனின் உருவம் அக்கல்லில் உள்ளது. அவனருகே நாய் ஒன்றும் செதுக்கப்பட்டுள்ளது. அந்நாயின் பெயர் கோவிவன். தலைவன் வீழ்ந்த பின்னும் அது கள்வரைக் கடித்துக் காவல் நின்ற செய்தியை அக்கல்லெழுத்து அறிவிக்கிறது. மனிதருக்கு எடுக்கப்பட்ட கல்லில் நாய்க்கும் பெயர் சொல்லி இடம் தந்தது தமிழ்நிலம்.

சங்க இலக்கியம் ஞமலி, ஞாளி என்னும் பெயர்களால் நாயைக் குறிக்கிறது. வேட்டைக்குச் செல்லும் நாயையும் மனைக்காவல் நாயையும் அக்கால மக்கள் நன்கு அறிந்திருந்தனர். மனிதனுக்கும் நாய்க்கும் இடையே உள்ள இத்தொன்மையான உறவில் ஓர் இடரும் தொடக்கம் முதலே உடன் வந்தது. காவல் நிற்கும் அதே பல்லின் வழியாக நோயும் வந்தது.

ஊர்நாய்

தஞ்சை மாவட்டத்து ஊர்களில் நாய்க்கு இன்றும் வேலை உண்டு. சம்பா அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் குவித்த நெல்லுக்கு அது இரவுக் காவல். வரப்பு வளையில் எலி பிடிக்கும்போது மனிதருடன் ஓடுவதும் அதுவே. தோப்பிலும் ஆட்டுப்பட்டியிலும் அதன் குரல் கேட்ட பின்னரே உரியவர் விழித்தெழுகிறார்.

ஆனால் இந்நாய்களுள் பலவற்றுக்குத் தனி உரிமையாளர் இல்லை. காலையில் ஒரு வீட்டின் கஞ்சி, பகலில் தேநீர்க்கடையில் எறியும் ரொட்டித்துண்டு, இரவில் மற்றொரு வீட்டுத் திண்ணை என்று அவற்றின் வாழ்க்கை நடக்கிறது. சோறிடுபவர் பலர், பெயரிட்டு அழைப்பவர் பலர். தடுப்பூசிக்கு அழைத்துச் செல்லும் நாளில் மட்டும் உரியவர் ஒருவரும் முன்வருவதில்லை. ‘எங்கள் தெரு நாய்’ என்று பெருமையாகச் சொல்பவரே அன்று ‘எங்கள் வீட்டு நாய் அன்று’ என்று விலகிவிடுகிறார்.

இந்நாய்களின் இனப்பெருக்கத்துக்கும் ஒரு காலம் உண்டு. மழைக்காலத்தை ஒட்டி அவை இணைசேர்கின்றன. ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்து, மார்கழி, தை மாதங்களில் வைக்கோற்போரின் இடுக்கிலும் பாழடைந்த திண்ணையிலும் குட்டிகள் பிறக்கின்றன. கண் திறந்த சில நாள்களிலேயே அவை தெருச் சிறுவர்களின் விளையாட்டுத் தோழர்களாகிவிடுகின்றன. நாய்க்குட்டியை முதலில் மடியில் எடுத்து வைத்துக்கொள்பவர்கள் குழந்தைகளே. உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி, வெறிநாய்க்கடி நோய்க்கு இரையாவோரில் 100க்கு 40 பேர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள். இவ்விரண்டு செய்திகளையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

நரம்பின் வழியே ஒரு பயணம்

வெறிநாய்க்கடி நோய் ரேபிஸ் வைரசால் உண்டாகிறது. நோயுற்ற விலங்கின் உமிழ்நீரில் இவ்வைரசு உள்ளது. கடிபட்ட இடத்தின் வழியே உடலுள் புகும் அது, குருதியில் கலந்து விரையாமல், நரம்பைப் பற்றி மெல்ல மூளையை நோக்கி நகர்கிறது. அறிகுறி தோன்றப் பெரும்பாலும் இரண்டு முதல் மூன்று மாதம் ஆகலாம்; சிலருக்கு ஒரு வாரத்திலும் தோன்றலாம்; ஓராண்டு கழிந்தும் தோன்றலாம். மூளைக்கு அருகே, அதாவது முகத்திலும் கழுத்திலும் கடிபட்டால் காலம் சுருங்கும். உயரம் குறைந்த குழந்தைகளுக்கு முகத்தில் கடி விழும் வாய்ப்பு மிகுதி.

வைரசு மூளையை எட்டும் முன் தடுப்பூசி போட்டுவிட்டால் உயிர் பிழைக்கலாம். அறிகுறி தோன்றிவிட்ட பின் நோயாளி பிழைப்பது அரிதினும் அரிது. அந்நிலையைக் குணமாக்கும் உறுதியான மருத்துவம் இன்றுவரை இல்லை.

வெறிபிடித்த நாய் எப்போதும் சீறிப் பாய்ந்துவரும் என்று எண்ணுதல் தவறு. சில நாய்கள் சோர்ந்து ஒடுங்கிக் கிடக்கும்; தாடை தொங்கி எச்சில் ஒழுகும்; உணவை விழுங்க இயலாமல் தவிக்கும். தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கும் என்று இரக்கப்பட்டு அதன் வாயில் கைவிடுவோர் தம்மை அறியாமலே நோயைப் பெற்றுக்கொள்கின்றனர். குட்டி நாய்க்கு வெறி வராது என்பதும் பொய் நம்பிக்கையே. நோயுற்ற நாயின் கடி குட்டியையும் நோயுறச் செய்யும். குட்டியின் கடியும் கீறலும் மனிதரை நோயுறச் செய்யும்.

நாயிடம் தொடங்கிய மருந்து

பிரெஞ்சு அறிவியலாளர் லூயி பாஸ்டர் வெறிநாய்க்கடித் தடுப்பூசியை உருவாக்கியபோது அதை முதலில் நாய்களிடமே சோதித்தார். தடுப்பூசி பெற்ற நாய்கள் நோயை எதிர்த்து நின்றன. 1885ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள், வெறிநாயால் பல இடங்களில் கடிபட்ட ஜோசப் மெய்ஸ்டர் என்னும் 9 வயதுச் சிறுவன் அவரிடம் அழைத்துவரப்பட்டான். பாஸ்டர் மருத்துவப் பட்டம் பெற்றவர் அல்லர். மருத்துவர்களின் துணையோடு அச்சிறுவனுக்கு அடுத்தடுத்த நாள்களில் தடுப்பூசி போடச் செய்தார். சிறுவன் பிழைத்தான். அந்த ஜூலை 6ஆம் நாளே இன்று விலங்குகளிடமிருந்து மனிதருக்குப் பரவும் நோய்கள் பற்றிய விழிப்புணர்வு நாளாக உலகெங்கும் கடைப்பிடிக்கப்படுகிறது. பாஸ்டர் மறைந்த செப்டம்பர் 28ஆம் நாள் உலக ரேபிஸ் நாள் ஆகும்.

இம்மருந்து தென்னிந்தியாவுக்கு வந்த வரலாறு ஓர் இறப்பிலிருந்து தொடங்குகிறது. 1902ஆம் ஆண்டு லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்னும் ஆங்கிலப் பெண் வெறிநாய் கடித்து இறந்தார். அந்நாளில் இந்தியாவில் பாஸ்டர் முறைச் சிகிச்சை வடக்கே இமயமலைச் சாரலில் உள்ள கசௌலியில் கிடைத்தது. தென்னாட்டில் அதற்கு இடம் இல்லை. இக்குறையைப் போக்க அமெரிக்கக் கொடையாளர் ஹென்றி பிப்ஸ் வழங்கிய நிதியின் துணையோடு 1907ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் நீலகிரியின் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் திறக்கப்பட்டது. கடிபட்டோர் தொலைதூர ஊர்களிலிருந்து ரயிலேறி, மலையேறி அங்குச் சென்றனர். அக்காலத்தில் மருந்தின் விலையைக் காட்டிலும் மருந்தை அடையும் வழியின் விலை பெரிது.

பின்னர் ஆட்டின் மூளைத் திசுவிலிருந்து செய்த தடுப்பூசி பரவலாயிற்று. தொப்புளைச் சுற்றிப் பல நாள் போடப்பட்ட அவ்வூசியின் வலியை முதியோர் இன்றும் நினைவுகூர்வர். பக்கவிளைவுகள் மிகுந்த அம்மருந்து இந்தியாவில் 2004ஆம் ஆண்டோடு கைவிடப்பட்டது. இன்றைய தடுப்பூசி பாதுகாப்பானது, கையில் போடப்படுவது, அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைப்பது. நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றி ஊசி என்னும் பழைய அச்சத்தால் இன்று மருத்துவமனைக்குச் செல்லத் தயங்குவது பெரும் பிழையாகும்.

தெரிந்து தெளிவோம்

நாய் கடித்தால் செய்ய வேண்டியவை: கடிபட்ட இடத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுதல், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள், எண்ணெய் எதையும் பூசாமை, கட்டுப்போடாமை, காலந்தாழ்த்தாமல் அருகிலுள்ள அரசு மருத்துவமனை அல்லது ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுதல், மருத்துவர் குறித்த எல்லா நாள்களிலும் தவறாது தடுப்பூசி போட்டுக்கொள்ளுதல். கடித்த நாயை 10 நாள் கண்காணிக்க வேண்டும். ஆனால் அதன் முடிவுக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.

குட்டிக்கு எப்போது, எதற்கு?

பிறந்த குட்டிக்குத் தாயின் சீம்பால் வழியாக நோய் எதிர்ப்பொருள்கள் கிடைக்கின்றன. அவை சில வாரங்கள் குட்டியைக் காக்கின்றன. அவை உடலில் மிகுதியாக உள்ளபோது தடுப்பூசி போட்டால், எதிர்ப்பொருள்கள் தடுப்பூசியையே நோயெனக் கருதி அழித்துவிடும். அவை முற்றிலும் குறையும்வரை காத்திருந்தால், இடைப்பட்ட நாள்களில் நோய் முந்திக்கொள்ளும். இக்காரணத்தால்தான் பல நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியை 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வார இடைவெளியில் 16 வாரம்வரை மீண்டும் போடுகின்றனர். ஓர் ஊசியோடு நிறுத்திவிடுவது பாதி வயலுக்கு மட்டும் நீர் பாய்ச்சுவதை ஒக்கும். வெறிநாய்க்கடித் தடுப்பூசியைப் பொதுவாக 3 மாதம் நிறைந்ததும் போட்டு, பின்னர் கால்நடை மருத்துவர் கூறும் கால அளவில், பெரும்பாலும் ஆண்டுதோறும், மீண்டும் போட வேண்டும்.

கூட்டுத் தடுப்பூசி காக்கும் நோய்களுள் பார்வோ வைரசு நோய் கொடியது. 1970களின் இறுதியில் உலகெங்கும் பரவிய இந்நோய், இரத்தக் கழிச்சலையும் வாந்தியையும் உண்டாக்கிச் சில நாள்களில் குட்டியைக் கொல்லும். அவ்வைரசு மண்ணில் பல மாதம் அழியாமல் இருக்கும். வீட்டைவிட்டு வெளியே போகாத குட்டிக்கும் உரிமையாளரின் காலணி வழியாகவே நோய் வந்து சேரக்கூடும்.

நெல்வயல் நாட்டுக்கு மற்றொரு நோயும் நெருக்கமானது. அது எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் வழியாக வயல்நீரில் கலக்கும் நுண்ணுயிர், காலில் உள்ள வெடிப்பு வழியே உடலுள் புகுகிறது. எலி பிடிக்கும் நாய்க்கும் இந்நோய் வரும். நாயின் சிறுநீர் வழியாக மனிதருக்கும் பரவும். நாய்களுக்கான கூட்டுத் தடுப்பூசிகள் பலவற்றில் இந்நோய்க்கான மருந்தும் அடங்கியுள்ளது. வயலில் இறங்கும் மனிதருக்கும் வரப்பில் ஓடும் நாய்க்கும் உடல்நலம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிறது.

செலவின் கணக்கு

‘நாய்க்கு ஊசி போடப் பணம் செலவழிப்பதா?’ என்னும் வினா பல வீடுகளில் எழுவது இயல்பே. அவ்வினாவை இகழ்வதில் பயனில்லை. கணக்கிட்டுப் பார்ப்பதே முறை.

தனியார் மருந்தகத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குச் சில நூறு ரூபாய் ஆகும். கூட்டுத் தடுப்பூசிக்கு அதைவிட மிகுதியாக ஆகும். அதையும் இரண்டு மூன்று முறை போட வேண்டும். நாள்கூலியில் வாழும் குடும்பத்துக்கு இது சிறு தொகை அன்று. எனினும் உயிருக்கு உலைவைக்கும் வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசி, கால்நடை பராமரிப்புத் துறை நடத்தும் சிறப்பு முகாம்களில் கட்டணமின்றிப் போடப்படுகிறது. அங்கு ஆகும் செலவு, நாயைப் பிடித்துக் கட்டி அழைத்துச் செல்லும் அரைநாள் உழைப்பு மட்டுமே.

இனி, ஊசி போடாத நாய் ஒரு சிறுமியைக் கடித்ததாகக் கொள்வோம். அரசு மருத்துவமனையில் மருந்துக்குக் கட்டணம் இல்லை. தோலினுள் போடும் முறையில் முதல் நாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள் என நான்கு முறை அவள் செல்ல வேண்டும். உடன் செல்லும் தாய்க்கு நான்கு நாள் கூலி போகிறது. சிறுமிக்கு நான்கு நாள் பள்ளி போகிறது. நான்கு முறை பேருந்துக் கட்டணம் ஆகிறது. நடவுக்காலத்தில் இந்நிலை நேர்ந்தால், மூன்றாவது ஊசியைத் தள்ளிப்போடத் தோன்றும். அங்கேதான் உயிருக்கு இடர் நுழைகிறது. அரைநாள் உழைப்பை ஒருவரும் தராததால், நாயோடு எவ்வகைத் தொடர்பும் இல்லாத ஒரு குடும்பம் நான்கு நாள் கூலியை இழக்கிறது.

உலக அளவிலும் கணக்கு இதுவே. 2015ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்று, நாய்களால் பரவும் ரேபிஸ் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 உயிர்களைக் கொள்வதாகவும், 860 கோடி அமெரிக்க டாலர் இழப்பை உண்டாக்குவதாகவும் மதிப்பிட்டது. இவ்விறப்புகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்தியாவில் நிகழ்கிறது. அப்பெருந்தொகையில் நாய்த்தடுப்பூசி உள்ளிட்ட கால்நடைத் துறைப் பணிகளுக்கான செலவு 100க்கு 2 பங்குகூட இல்லை. வெள்ளம் வந்த பின் மணல்மூட்டைக்குச் செலவிடும் உலகம், கரையை வலுப்படுத்தச் செலவிடத் தயங்குகிறது.

எழுபது விழுக்காடு

ஊரிலுள்ள எல்லா நாய்களுக்கும் தடுப்பூசி போட்டால்தான் பயன் உண்டு என்பதில்லை. நோயுற்ற ஒரு நாய் சராசரியாக இரண்டு நாய்களுக்கும் குறைவாகவே நோயைப் பரப்புகிறது. எனவே 100 நாய்களில் 70 நாய்களுக்குத் தடுப்பூசி போட்டாலே நோயின் சங்கிலி அறுபடும் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம்.

ஆனால் அந்த 70 நிலையாக நிற்பதில்லை. ஓர் ஊரில் 100 நாய்கள் உள்ளன. 70 நாய்களுக்குத் தடுப்பூசி போடப்பட்டது. ஓராண்டில் 40 நாய்கள் இறந்து 40 குட்டிகள் சேர்ந்தன என்று ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். தடுப்பூசி பெற்றவற்றுள் எஞ்சுவன 42. அடுத்த ஆண்டு முகாம் நடக்கவில்லை என்றால் எஞ்சுவன ஏறத்தாழ 25. ஒரு நாயையும் விரட்டாமல், ஒருவரும் தவறிழைக்காமல், ஊரின் காவல் தானாகவே கரைந்துவிடுகிறது. ஆண்டுதோறும் தடுப்பூசி வேண்டும் என்பதற்கும், புதிதாகப் பிறக்கும் குட்டிகளை விட்டுவிடக் கூடாது என்பதற்கும் காரணம் இதுவே.

நாய்களைக் கொன்றுவிட்டால் என்ன என்று கேட்போர் உண்டு. சென்னை மாநகரம் அவ்வழியை நெடுங்காலம் முயன்று பார்த்தது. நாள்தோறும் நாய்கள் கொல்லப்பட்டும் அவற்றின் தொகையும் குறையவில்லை, நோயும் நீங்கவில்லை. கொன்ற நாயின் இடத்துக்குத் தடுப்பூசி பெறாத மற்றொரு நாய் வந்து சேர்ந்தது. இனப்பெருக்கத் தடை அறுவையும் தடுப்பூசியுமே தீர்வு என 1964ஆம் ஆண்டு முதல் வலியுறுத்திவந்த புளூ கிராஸ் அமைப்பின் வழியை 1996ஆம் ஆண்டு மாநகராட்சி ஏற்றது. 2001ஆம் ஆண்டும் 2023ஆம் ஆண்டும் வெளியான மத்திய அரசின் விதிகள் இம்முறையையே நாடு முழுமைக்கும் வகுத்தன.

பிற நாடுகளின் பட்டறிவும் இதையே காட்டுகிறது. ஜப்பான் 1950ஆம் ஆண்டு நாய்த்தடுப்பூசியைச் சட்டமாக்கியது. 1957ஆம் ஆண்டுக்குப் பின் அந்நாட்டு நாய்களிடையே இந்நோய் இல்லை. இலங்கையில் 1973ஆம் ஆண்டு 377 பேர் வெறிநாய்க்கடி நோயால் இறந்தனர். தொடர்ந்து நடந்த நாய்த்தடுப்பூசிப் பணியால் அவ்வெண் அண்மை ஆண்டுகளில் 50க்கும் கீழே இறங்கியது. நம் நாட்டின் கோவா மாநிலம், வீதிவீதியாகச் சென்று நாய்களுக்குத் தடுப்பூசி போட்டது. பள்ளிகளில் குழந்தைகளுக்கு விழிப்புணர்வு ஊட்டியது. அதன் பயனாக 2021ஆம் ஆண்டு ரேபிஸ் கட்டுப்படுத்தப்பட்ட மாநிலமாக அறிவிக்கப்பட்டது. நாய்களால் பரவும் ரேபிசை 2030ஆம் ஆண்டுக்குள் ஒழிப்பதற்கான தேசியச் செயல்திட்டத்தை இந்திய அரசு 2021ஆம் ஆண்டு வெளியிட்டது.

தூர்வாரும் காலம்

பொதுவான ஒன்றைப் பேணுதல் எவ்வாறு என்பதைக் காவிரிப் படுகைக்கு எவரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. வாய்க்கால் தனி ஒருவருக்கு உரியது அன்று. அது தூர்ந்தால் எல்லாருடைய வயலும் காயும். எனவே குடிமராமத்து என்னும் முறையில் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து வாய்க்காலைத் தூர்வாரினர். ‘இது என் வாய்க்கால் அன்று’ என்று ஒருவர் ஒதுங்கினால், ஊர் அவரைக் கேள்வி கேட்டது.

ஊர்நாயும் அவ்வாய்க்காலைப் போன்றதே. அதற்குத் தனி உரிமையாளர் இல்லை என்பதால் உரியவரே இல்லை என்றாகிவிடாது. ஊரே உரியது என்பதுதான் பொருள். ஓர் ஊராட்சி மனம்வைத்தால் இப்பணி அரிதன்று. மார்கழி, தையில் பிறந்த குட்டிகளுக்குச் சித்திரையில் மூன்று மாதம் நிறைந்துவிடும். சம்பா அறுவடை முடிந்திருக்கும். ஜூன் 12இல் மேட்டூர் அணை திறக்கும் வழக்கத்தை எதிர்நோக்கி வாய்க்கால்கள் தூர்வாரப்படும். களத்தில் வேலை குறைந்து, பள்ளிக்கும் விடுமுறை வரும் அக்காலமே ஊரின் நாய்களுக்கெல்லாம் தடுப்பூசி போட ஏற்ற காலம்.

தெருவுக்கு இருவர் நாய்களைக் கணக்கெடுக்கலாம். அந்நாய்களுக்கு நாள்தோறும் சோறிடுபவரே முகாம் நாளில் அவற்றைப் பிடித்துக்கொடுக்கலாம். பழகிய கைக்கு நாய் அடங்கும். கால்நடை மருந்தகத்து மருத்துவர் குளிர்ப்பெட்டியில் மருந்தோடு ஊருக்கே வரும்படி ஊராட்சி முன்கூட்டியே வேண்டலாம். ஒரத்தநாட்டில் இயங்கும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியும் தஞ்சை மாவட்டத்துக்குக் கிடைத்துள்ள ஒரு நற்றுணை. ஊசி போட்ட நாய்க்கு வண்ணக் குறியிட்டால் விடுபட்டவை தாமே புலப்படும்.

எடுத்தனூரில் தலைவன் வீழ்ந்த பின்னும் அவனுக்காகக் காவல் நின்றது கோவிவன். அதற்கு ஊர் கல் எடுத்தது. இன்று களத்துமேட்டில் இரவெல்லாம் விழித்திருக்கும் நாய் கல் எதையும் வேண்டவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை அதன் கழுத்தில் கயிறு கட்டி மருந்தகம்வரை நடந்துசெல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் முன்வரும் ஊரில் குழந்தைகள் அச்சமின்றித் தெருவில் விளையாடுவர்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் தெருவிலுள்ள நாய்களைத் தொலைவிலிருந்து கணக்கெடுத்து, அவற்றுள் தடுப்பூசி பெற்றவை எத்தனை எனப் பெரியோரிடம் கேட்டறிந்து அட்டவணைப்படுத்துக.

2. ஊரில் நாய்களுக்கான தடுப்பூசி முகாம் நடத்தித் தருமாறு வேண்டி, ஊராட்சித் தலைவருக்கு விண்ணப்பம் ஒன்று எழுதுக.

3. நாய்க்கடிக்கு உங்கள் பகுதியில் வழங்கும் தவறான கைவைத்தியங்களைத் திரட்டி, அவற்றைக் கைவிட வேண்டியதன் காரணத்தை வகுப்பறையில் கலந்துரையாடுக.

பாட வினாக்கள்

குறுவினா

1. எடுத்தனூர் நடுகல் கூறும் செய்தி யாது?

2. குட்டிகளுக்குக் கூட்டுத் தடுப்பூசியை ஒன்றுக்கு மேற்பட்ட முறை போடுவது ஏன்?

சிறுவினா

3. நாய்களுக்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போட வேண்டியதன் தேவையை எடுத்துக்காட்டுடன் விளக்குக.

நெடுவினா

4. ‘ஊர்நாயும் ஊர் வாய்க்காலைப் போன்றதே’ – இக்கூற்றைப் பாடப்பகுதி வழி நிறுவுக.